வீட்டில் காய்ச்சிய பீரைப் பார்க்கில் பகிரலாமா? அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். கோடையில் நம்மூர்க்காரர்கள் சேர்ந்து பார்க்கில் நடத்தும் பாட்லக் பிக்னிக்குக்கு (ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வரும் விருந்து) ஒரு கெக், அதாவது பீர் நிரப்பிய உலோகப் பீப்பாய், கொண்டு போய் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க ஆசைப்படுகிறார். "காசு வாங்கப் போவதில்லை, சும்மாதான் கொடுக்கிறேன். இதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. "விற்றால்தானே தப்பு" என்று பலரும் அந்த இடத்திலேயே யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விற்காமல் இருப்பது முதல் நிபந்தனை, அவ்வளவுதான். காய்ச்சிய பீரை வீட்டை விட்டு வெளியே கொண்டு போக உங்கள் மாநிலம் விடுகிறதா என்று அப்புறம் பார்க்க வேண்டும். அதையும் தாண்டினால், நீங்கள் உட்காரப் போகும் பார்க்கில் மது குடிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வக்கீல் இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப் ஒன்றில் பல வருடங்களாகப் பெர்மிட் வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரை ஆட்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்தக் கடைசி இடத்தில்தான். பீர் யார் காய்ச்சியது என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. எங்கே நின்று குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

முதலில் மத்திய அரசின் சட்டம். 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் செய்துகொள்ள விலக்கு கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு 45 ஆண்டுகள், அடுப்படியில் பீர் காய்ச்சியவர்கள் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம்தான் அதை மாற்றியது. லாரி, பஸ் மீதான வரியைப் பற்றிய ஒரு மசோதாவோடு அதைச் சேர்த்து நிறைவேற்றினார்கள். 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் இருக்கும் எத்தனையோ கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சும் பீர்) கம்பெனிகளின் முதலாளிகள் அந்தச் சட்டத்தின் நிழலில், வீட்டுச் சமையலறையில் தொழில் கற்றவர்கள்தான்.

அளவு என்ன? வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். நாம் வழக்கமாகக் காய்ச்சும் ஒரு பேட்ச் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர். அப்படியானால் தனியாக இருப்பவர் வருடத்துக்கு 20 பேட்ச் போடலாம். வேலைக்குப் போகிற யாரும் அந்த எல்லையைத் தொடுவது கஷ்டம். இந்த அளவுக்குள் வரி கட்ட வேண்டாம், மத்திய அரசிடம் உரிமமும் வாங்க வேண்டாம். வடித்து எடுக்கும் சரக்கு எதுவும் இந்த விலக்கில் வராது. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரு வரியும் மத்திய விதிகளில் இருக்கிறது. இப்படிக் காய்ச்சிய பீரைச் சொந்த உபயோகத்துக்காகவும் குடும்ப உபயோகத்துக்காகவும் வீட்டிலிருந்து வெளியே எடுத்துச் செல்லலாம். ஏற்பாடு செய்யப்பட்ட நிகழ்ச்சிகள், கண்காட்சிகள், போட்டிகள், ருசி பார்க்கும் கூட்டங்கள் ஆகியவையும் அதில் அடங்கும். ஆனால் விற்கவோ, விற்பனைக்கு வைக்கவோ கூடாது. ஆக, மத்திய அரசைப் பொறுத்தவரை கெக்கைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதில் குற்றமில்லை.

அதே விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. இந்த விலக்கு தனி மனிதருக்கு மட்டும்தான். கூட்டு நிறுவனமோ, கம்பெனியோ, சங்கமோ வரியில்லாமல் பீர் காய்ச்ச முடியாது. "எங்கள் சங்கத்தின் சார்பில் காய்ச்சிய பீர்" என்று பிக்னிக் அழைப்பிதழில் போடும் ஆசை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். நீங்கள் உங்கள் வீட்டில் காய்ச்சினீர்கள், நீங்கள் கொண்டு வந்தீர்கள் என்பதாகவே அது இருக்கட்டும். சங்கத்தின் பெயர் அதில் ஏறினால் நன்மை ஏதும் இல்லை, கேள்விதான் வரும்.

இனி மாநிலம். மதுவிலக்கை நீக்கிய 21-வது அரசியல் சாசனத் திருத்தமே மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களின் கையில் கொடுத்துவிட்டது. மத்திய அரசு சரி என்று சொன்னதை மாநிலம் கூடாது என்று சொல்லலாம். மத்திய விதியிலேயே "மாநில, உள்ளூர்ச் சட்டத்துக்கு முரணாகக் காய்ச்ச இது அனுமதி அல்ல" என்று எழுதியிருக்கிறது. 1979-க்குப் பிறகும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் வழிவிட்டன. கடைசியாக வந்த இரண்டு மிசிசிப்பியும் அலபாமாவும். இரண்டுமே 2013-ல். அலபாமாவில் இன்னும் கெடுபிடி அதிகம், மூன்று மாதத்துக்கு 15 காலன்தான். ஆக, கார்ட்டர் கையெழுத்துப் போட்டு ஏறத்தாழ 35 வருடங்கள் கழித்துத்தான் நாடு முழுவதும் இது சட்டப்படியான பொழுதுபோக்கு ஆனது.

ஆனால் "காய்ச்சலாம்" என்பது வேறு, "வெளியே கொண்டு போகலாம்" என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்க முடியும் என்பதற்கு ஒரேகான் கதையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

போர்ட்லாண்ட் நகரமும் ஒரேகான் மாநிலமும் பீருக்குப் பெயர் போனவை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ அங்கே விளைகிறது, தெருவுக்குத் தெரு சிறு பீர் ஆலைகள் இருக்கின்றன. மாநிலக் கண்காட்சியில் வீட்டு பீர் போட்டி பல வருடங்களாக நடந்துவந்தது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. 2010-ல் மாநிலத்தின் மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் சட்டப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது, மாநில நீதித் துறையிடமும் விளக்கம் கேட்டது. சட்டத்தில் இருந்த சொற்கள், வீட்டில், வீட்டு நுகர்வுக்காக, விற்பனைக்கு அல்லாமல் செய்யும் பீருக்குத்தான் உரிமம் தேவையில்லை என்று சொல்லின. "வீட்டு நுகர்வு" என்றால் வீட்டில் குடிப்பது. பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனாலே விலக்கு போய்விட்டது என்று அர்த்தமாகிறது. அந்த விளக்கம் வந்ததும் அந்த வருடக் கண்காட்சியில் போட்டி ரத்தானது. கிளப் கூட்டத்துக்கு ஒரு பாட்டில் கொண்டு வருவதற்கே ஆட்கள் தயங்கினார்கள்.

ஒருவரும் கைதாகவில்லை, யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவில்லை, புதிதாகத் தடைச் சட்டம் எதுவும் வரவில்லை. மதுவிலக்கு முடிந்த காலத்தில் எழுதிய ஒரு பழைய வாக்கியத்தை யாரோ நிதானமாகப் படித்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. காய்ச்சுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார்கள், மனு கொடுத்தார்கள். 2011-ல் புதிய சட்டம் நிறைவேறி, வீட்டு பீரை வெளியே எடுத்துப் போவதும் போட்டியில் வைப்பதும் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டன. விஸ்கான்சினிலும் ஏறத்தாழ இதே நேரத்தில் இதே மாதிரியான சிக்கல் வந்தது. பீருக்கென்றே வாழும் அந்த மாநிலத்தில் வருவாய்த் துறை சட்டத்தைக் குறுக்கிப் படித்ததால் போட்டிகள் தடுமாறின; 2012-ல் சட்டத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "இத்தனை வருடமாக எல்லோரும் செய்கிறார்களே" என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லை என்பதை நீங்கள் உணர வேண்டும். உங்கள் மாநிலச் சட்டத்தில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். மொத்தமே இரண்டு மூன்று பத்திகள்தான் இருக்கும். காய்ச்சும் அளவைப் பற்றிய வரியைத் தாண்டி, "வீட்டிலிருந்து அகற்றுதல்" அல்லது "எடுத்துச் செல்லுதல்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நண்பர்களோடு பகிரலாம் என்று இருக்கிறதா, போட்டிக்கும் ருசிக் கூட்டத்துக்கும் மட்டும் என்று இருக்கிறதா, அளவு வரம்பு ஏதாவது உண்டா? குடும்ப பிக்னிக் என்பது போட்டியும் இல்லை, ருசிக் கூட்டமும் இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? கொலராடோவின் போல்டர் நகரில் 1978-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷன் எல்லா மாநிலச் சட்டங்களையும் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்து, மாநில அரசின் சட்டத் தளத்தில் இன்றைய வாசகத்தைச் சரிபாருங்கள். உங்கள் கேள்வியில் மாநிலத்தின் பெயர் இல்லை. அது தெரியாமல் இந்த இடத்தில் இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

சரி, மாநிலம் விட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனி பார்க்.

இங்கே நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), மாநிலப் பூங்கா, தேசியப் பூங்கா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி. சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பார்க்கில் பீர் குடிக்கலாம், அந்தப் பக்கம் இருப்பதில் கூடாது என்பது சாதாரணம். நியூயார்க் நகரத்தில் பொது இடத்தில் திறந்த மது பாத்திரத்தோடு குடிக்கும் நோக்கத்தில் இருப்பதே விதிமீறல். முறைப்படி பெர்மிட் வாங்கிய தெருத் திருவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. பழுப்புக் காகிதப் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது சினிமாவில் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை, சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் பொது இடத்தில் குடிப்பது மட்டுமில்லை, மதுவை வெளியே தெரிய வைப்பதும் கூடாது. நேர் எதிராக, ஜார்ஜியாவின் சவானா நகரத்தின் பழைய பகுதியில் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு தெருவில் நடந்து போகலாம். நியூ ஆர்லியன்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேசியப் பூங்காக்களில் அந்தந்தப் பூங்காவின் மேலதிகாரி எந்தப் பகுதியில் மது கூடாது என்று அறிவிக்கலாம், அதனால் ஒரே பூங்காவுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி மாறும்.

இந்த விதிகளில் எதுவுமே வீட்டு பீரைப் பற்றிப் பேசுவதில்லை. கடையில் வாங்கிய பீருக்கு என்ன விதியோ அதே விதிதான் உங்கள் கெக்குக்கும். பார்க்கில் மதுவே கூடாது என்றால் அதோடு பேச்சு முடிந்தது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை. மது அனுமதி உண்டு என்றால் பெர்மிட் படிவத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பல ஊர்களில் ஷெல்டர் (பார்க்கில் கூட்டங்களுக்கு விடும் கூரை போட்ட கொட்டகை) புக் செய்யும் படிவத்திலேயே மதுவுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு போய் "எல்லோரும்தானே குடிக்கிறார்கள்" என்றால் எடுபடாது. கண்ணாடிப் பாட்டில் கூடாது என்பது மிகவும் பரவலான நிபந்தனை. பாட்டிலில் அடைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கெக்குக்குத் தனி அனுமதி கேட்கும் ஊர்களும் உண்டு. டின், பாட்டில் சரி, கெக் மட்டும் கூடாது என்கிற ஊர்களும் உண்டு. காரணம் வெளிப்படை: கெக் வந்தால் கூட்டம் பெரிதாகிறது, யார் எவ்வளவு குடித்தார்கள் என்ற கணக்கு போய்விடுகிறது.

எங்கள் கிளப் பிக்னிக்கில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். 5 காலன் கார்னி கெக்கை (வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் சிறிய கெக்) ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் போட்டு இறக்கி, மேலே ஈரத் துண்டு ஒன்றைப் போர்த்திவிடுவோம். பெர்மிட்டின் நகலைத் தண்ணீர் படாத உறையில் போட்டு ஷெல்டர் தூணில், கண்ணுக்கு நேராக ஒட்டிவைப்போம். ஊற்றிக் கொடுக்க ஒரே ஆள். அவர் அன்றைக்குக் குடிப்பதில்லை, அடையாள அட்டை பார்த்துக் கையில் பட்டை கட்டுவதும் அவரே. ஒரு முறை ரேஞ்சர், அதாவது பார்க் காவலர், வந்தார். பெர்மிட்டைப் படித்தார், ஷெல்டர் எண்ணைத் தலை நிமிர்ந்து சரிபார்த்தார், கெக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் கோப்பையோடு நின்று போன் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவரைக் காட்டி, "அவர் உங்கள் பெர்மிட் எல்லைக்குள் இல்லை" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு துல்லியமாக இருக்கும் இந்த அனுமதி. ஷெல்டருக்கு என்றால் ஷெல்டருக்குத்தான், கிரிக்கெட் ஆடும் புல்வெளிக்கு இல்லை.

அடுத்து "சும்மா கொடுக்கிறேன்" என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஆட்களின் பிக்னிக்குகளில் எனக்குக் கவலை தருவது இதுதான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், அதில் சாப்பாடும் பானமும் அடக்கம். அந்தப் பானத்தில் உங்கள் பீரும் இருந்தால், நீங்கள் ஒரு சென்ட்கூட வாங்காவிட்டாலும், பணம் கொடுத்தவருக்குத்தான் பீர் கிடைக்கிறது. அதை விற்பனை என்று படிக்க ஓர் அதிகாரி சிரமப்பட வேண்டியதே இல்லை. மேசையில் வைக்கும் நன்கொடை டப்பாவும் அப்படித்தான். "மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் ஆன செலவுக்கு விருப்பப்பட்டதைப் போடுங்கள்" என்று எழுதிவைத்தாலும் டப்பா டப்பாதான். ஒரேகான் சட்டம் பணப்பயன் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் விற்பனையோடு பண்டமாற்று, கட்டணம், சந்தா, நன்கொடை எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் லாப நோக்கற்ற அமைப்புகளின் நிதி திரட்டலுக்கு வீட்டு பீரைப் பயன்படுத்தத் தனியாக, நிபந்தனைகளோடு வழி வகுத்திருக்கின்றன. அப்படிச் சட்டம் இருக்கிற மாநிலத்தில், அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். மற்ற இடங்களில் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சிக்கு உங்கள் பீரைக் கொண்டு போகாதீர்கள். பாட்லக், ஆளுக்கு ஒரு பதார்த்தம், கட்டணமே இல்லை என்றால் தைரியமாக யோசிக்கலாம்.

தெரிந்தவர் நடத்தும் பாருக்கோ ரெஸ்டாரன்டுக்கோ பாட்டில் கொண்டு போய் நண்பர்களோடு திறக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். உரிமம் பெற்ற இடம் என்பதால் அங்கே பாதுகாப்பு அதிகம் என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் ஆபத்து அதிகம், அதுவும் உங்களைவிட அந்த முதலாளிக்கு. அமெரிக்காவில் மதுத் தொழில் பெரும்பாலும் மூன்று அடுக்கு: தயாரிப்பவர், மொத்த விற்பனையாளர், சில்லறைக் கடை. பாரில் இருக்கும் ஒவ்வொரு கெக்கும் வரி கட்டி, அந்த வழியாக வந்ததாகக் கணக்கு காட்டியாக வேண்டும். வரி கட்டாத, கணக்கில் இல்லாத பீர் உள்ளே இருந்தால் அவருடைய உரிமத்துக்கே கேள்வி வரும். சில மாநிலங்கள் கிளப் கூட்டங்களுக்கும் போட்டிகளுக்கும் இதில் விலக்கு கொடுத்திருக்கின்றன. அந்த விலக்கு இருக்கிறது என்று முதலாளியே உறுதியாகச் சொன்னாலொழிய, அவருடைய நல்ல மனசைச் சோதிக்காதீர்கள்.

கார் பயணத்திலும் கவனம் வேண்டும். வண்டிக்குள் திறந்த மது பாத்திரம் கூடாது என்ற சட்டத்தை வைத்திருக்கும்படி 1998 முதல் மத்திய அரசு நெடுஞ்சாலை நிதியைக் காட்டி மாநிலங்களை நெருக்குகிறது, பெரும்பாலானவை வைத்திருக்கின்றன. கடையில் வாங்கிய டின்னுக்கு சீல் உண்டு. பீரை நிரப்பி எடுத்துப் போகும் உங்கள் கிரௌலர் ஜாடிக்கு என்ன சீல்? ஒரு மிடறு குறைந்திருந்தால்கூட அது திறந்ததுதான். கெக், கிரௌலர் எல்லாவற்றையும் டிக்கியில் வையுங்கள். டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் கடைசி இருக்கைக்குப் பின்னால். பீர் ஊற்றும் பிக்னிக் டேப்பையும் குழாயையும் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது மிச்சம் இருக்கும் கெக்குக்கும் இதே விதிதான், அப்போதுதான் எல்லோரும் மறக்கிறார்கள்.

21 வயது விஷயத்தில் வளைந்து கொடுக்கவே கூடாது. நம் பிக்னிக்குகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள், "தம்பிதானே, ஒரு வாய்" என்று ஏதாவது ஒரு மாமா நீட்டுவார். ஊற்றியவர் நீங்கள், காய்ச்சியவரும் நீங்கள். பெற்றோர் தங்கள் வீட்டில் தங்கள் பிள்ளைக்குக் கொடுப்பதைச் சில மாநிலங்கள் கண்டுகொள்வதில்லை என்பது பார்க்கில் நிற்கும் உங்களுக்குப் பொருந்தாது. பெரியவர்கள் விஷயத்திலும் பொறுப்பு இருக்கிறது. உங்கள் கெக்கில் குடித்துவிட்டுப் போனவர் வழியில் விபத்து நடத்தினால், விருந்து கொடுத்தவர்மேல் வழக்குப் போட இடம் கொடுக்கும் மாநிலங்கள் உண்டு. வீட்டு பீரில் லேபிள் இல்லை. எட்டு சதவீத ஆல்கஹால் இருக்கும் பீரை ஐந்து சதவீதம் என்று நினைத்து மூன்று கோப்பை குடித்துவிடுவார்கள். ஒரு அட்டையில் பெயர், ஆல்கஹால் சதவீதம், என்ன தானியம் போட்டது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கெக்கின் மேல் ஒட்டுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. பார்க்கில் திறந்த பாட்டிலுக்கு வாங்கும் டிக்கெட் (போலீஸ் எழுதித் தரும் அபராதச் சீட்டு) பல ஊர்களில் சிறு அபராதத்தோடு முடிந்துவிடும். ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் கைதை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது சைட்டேஷன், அதாவது இந்த மாதிரிச் சீட்டு, வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். வருடங்கள் கழித்து அந்தச் சின்னத் தாளைத் தேடிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவது யாருக்கும் வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் நிலைமையே வேறு: தீர்ப்புக்குக் காத்திராமல் தூதரகம் விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் பீரைக் காசுக்குக் கொடுத்தால் மதுச் சட்டம் ஒரு பக்கம், அனுமதியில்லாத வேலை என்ற கேள்வி இன்னொரு பக்கம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் ஆட்களில் பலரும் இந்தப் பொழுதுபோக்கை மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள், சிலர் போட்டியில் மெடல் வாங்குகிறார்கள், சீரகமும் பனங்கருப்பட்டியும் போட்டு அருமையான பீர் காய்ச்சுகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு மத்தியான பிக்னிக்கில் அது கெட்டுப்போகக் கூடாது.

நேரில் வர முடியாத நண்பருக்கு நான்கு பாட்டிலை அனுப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்கத் தபாலில் மது அனுப்புவது மத்திய சட்டப்படி குற்றம். யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் இரண்டும் உரிமம் பெற்று ஒப்பந்தம் போட்டவர்களிடமிருந்து மட்டும்தான் மதுவை வாங்கிக்கொள்கின்றன. ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒரு பேட்ச் போடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாமல் மது தயாரிப்பதையே குற்றமாக்குகிறது. இங்கே இருப்பது போல வீட்டு உபயோகத்துக்கு இத்தனை காலன் என்ற விலக்கு அங்கே இல்லை.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது, பிக்னிக்குக்கு ஒரு மாதம் முன்பே பார்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். போனில் கேட்காதீர்கள், போனில் சொன்னதை நாளைக்கு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எந்த ஷெல்டர், எந்தத் தேதி, எத்தனை பேர், கட்டணம் கிடையாது, விற்பனை கிடையாது, வீட்டில் காய்ச்சிய பீர், உலோக கெக், பிளாஸ்டிக் கோப்பை, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, இதற்குப் பெர்மிட் போதுமா, வேறு ஏதாவது தேவையா, இன்சூரன்ஸ் கேட்பீர்களா என்று கேளுங்கள். "வீட்டில் காய்ச்சிய" என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். விடாதீர்கள். பெர்மிட் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால்தான் ரேஞ்சர் வந்து நிற்கும்போது அந்தத் தாள் உங்களுக்கு உதவும். மாநில மதுத் துறைக்கும் இதே மாதிரி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வர இரண்டு வாரம்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள். பிக்னிக் நடத்தும் சங்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஷெல்டர் அவர்கள் பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பல சங்கங்கள் குடும்ப நிகழ்ச்சியில் மதுவே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கின்றன. அந்த முடிவை மதியுங்கள்.

இரண்டு பதிலும் சாதகமாக வந்தால் அவற்றைப் பிரிண்ட் எடுத்துப் பெர்மிட்டோடு சேர்த்து உறையில் போடுங்கள். ஒன்றில் முடியாது என்று வந்தாலும் கெக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பிக்னிக் முடிந்த மறுவாரம் பத்துப் பேரை வீட்டுப் பின்புறத்துக்குக் கூப்பிடுங்கள். வாடகை வீடு, அபார்ட்மென்ட் என்றால் பொதுவான முற்றம் உங்களுடையது ஆகாது, லீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.